கல்லில் நாலாவது பெயர்

செர்பியாவில், திமோக் ஆற்றங்கரையில் முதல் பிளம் தோப்பு போட்ட மிலுத்தினுடைய இளைய மகன் ராதிசாவ். அவருக்கும் மேட்டுத்தெரு ஸ்தாமெனாவுக்கும் இரண்டே பிள்ளைகள். மூத்தவள் தெசாங்கா, ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவன் ஜிவோத்தா.

ஜிவோத்தாவுக்கு ஆட்டிசம். அந்தச் சொல் அப்போது அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஊமை என்றார்கள். ஊமையும் இல்லை, இரண்டு மூன்று சொல் பேசுவான். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடுவான். முடிவெட்ட அக்கா கை மட்டும்தான் தலையில் படலாம். அவன் சுவரில் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்து வருவார்கள். அப்படியே படிப்பு நின்றது. அதற்காக அவள் அழவில்லை. அவன் முற்றத்தில் சோளக்கதிர்களை வரிசையாக அடுக்குவான். அவளும் கூட உட்கார்ந்து அடுக்குவாள்.

பக்கத்து ஊர் வுகாஷின் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். திராட்சை பறித்து முடிந்ததும் பெண் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். பறித்தும் ஆயிற்று, ஆளைக் காணோம்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமை வந்தது. ராதிசாவ் புதிதாக நட்ட கல்லைக் காட்டக் குடும்பத்தைக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். உயிரோடு இருக்கும்போதே பெயர் வெட்டி வைப்பது அங்கே வழக்கம். அப்பா, அம்மா, ஜிவோத்தா. நாலாவதாக தெசாங்கா பெயர். பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு வெறும் கல். மேலே, அத்தை மகள் கல்யாணத்தில் அவள் சிரித்தபோது எடுத்த படம்.

கட்டிக்கொடுக்கப் போகிற பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கல்லில் யாரும் வெட்டமாட்டார்கள்.

படைக்கக் கொண்டுவந்த தேன் கலந்த கோதுமைக் கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவியது.

"என்னம்மா இது?"

"நாங்க போய்ட்டா அவன் யாரு கையில சாப்பிடுவான்? நீதானடி பாக்கணும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ராதிசாவ் தொப்பியைத் திருகினார். "நல்ல கருங்கல்லும்மா. மழை, பனி, ஒண்ணும் செய்யாது."

"படத்துல எவ்ளோ லட்சணமா இருக்கா!" என்றாள் பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த மிலேவா சித்தி. "நேர்ல இப்படி ஒரு நாள் சிரிச்சிருப்பியாடி?"

அந்த நேரம் பார்த்து வுகாஷின் வந்தான், தரையைப் பார்த்தபடி.

"இந்தக் கல்லைக் கல்தச்சன் பட்டறையிலயே பாத்தேன். வரமாட்டேன்னு வாயால சொல்லியிருக்கலாம் தெசா. கல்லுல வெட்டித்தான் சொல்லணுமா?"

"நான் இப்பதான் பாக்குறேன் வுகாஷின்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியம் பண்ணலாம். ஆனா இப்ப அவ மேல கோவமா இருக்கேன்."

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

"நான் வரேன்," என்றாள். "ஜிவோத்தாவும் வருவான். முடியுமா முடியாதா, இப்பவே சொல்லு."

ஜிவோத்தா கல்லெழுத்துகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். வுகாஷின் அவனைப் பார்த்தான். "வரட்டும்."

"அவனையும் கூட்டிட்டுப் போயிட்டா எங்களுக்கு யாருடி இருக்கா?" ஸ்தாமெனா ஓவென்று அலறினாள்.

தெசாங்கா இன்னொரு முறை அதிர்ந்தாள். எல்லாம் தம்பிக்காக என்றல்லவா நினைத்தாள். கடைசியில் இது அம்மாவின் பயமா?

"அப்ப நானே இங்க வந்துடறேன்," என்றான் வுகாஷின்.

மிலேவா சித்தியின் வாய் திறந்தபடி நின்றது. "வீட்டோட மாப்பிள்ளையாவா? உங்கப்பன் உன்னைத் தலைமுழுகிடுவான்டா!"

"முழுகட்டும் சித்தி."

சித்தி சொன்னபடியே அவன் அப்பா தலைமுழுகினார், கல்யாணத்துக்கு வரவில்லை. தெசாங்காவோ, தன்னைக் கேட்காமல் வெட்டிய பெயரைக் கல்லிலிருந்து எடுத்தால்தான் கோயிலுக்கு வருவேன் என்று நின்றாள். கல்தச்சன் வந்து உளியை வைத்தான். முதல் அடி விழுந்ததும் ஜிவோத்தா வீறிட்டு ஓடிப்போய், இரண்டு கையாலும் அக்கா பெயரை மூடிக்கொண்டான். யார் இழுத்தும் நகரவில்லை. கல்தச்சன் அவளைப் பார்த்தான்.

அவள் தம்பியை இறுகக் கட்டிப்பிடித்து இழுத்து, அவன் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். அவன் அவள் கையைக் கடித்தான்.

"பேரை எடுத்துடுங்க அண்ணே," என்றாள். "நிறுத்தாதீங்க."