பதினோரு பவுண்டு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் கணக்கு டீச்சர். சேலத்துக்காரி. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவும் அம்மாவும் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வாடகை வீட்டுக் கதவைத் திறந்தால், மறுநாள் மணி அடிக்கும்வரை என்னிடம் பேச ஆள் கிடையாது. பேச்சுக்குப் பதில் முறுக்கு தின்றேன். உடம்பு ஊதிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

சேலத்து டாக்டர் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்படியே போனால் சர்க்கரை வரும், இதயமும் தாங்காது. தினம் மூணு மைல் நடங்கள்" என்றார்.

நடந்தேன். விடிந்ததும் வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் போய்த் திரும்புவேன். திரும்பும் இடத்தில் ஒரு தோட்டத்து வீடு. அங்கே ஓர் அக்கா தனியாக இருந்தார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் லாரியோடு வடக்கே சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாளே என்னை வழிமறித்தார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன தூரம் நடந்து வந்துட்டு வெறும் வயித்தோட திரும்பறதா? ஊட்டுக்குள்ள வாங்க சாமி, ஒரு வாய் உண்டுட்டுப் போங்க."

கம்பஞ்சோறும் தயிரும். சில நாள் இடியாப்பம் மாதிரிப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த சந்தகை. கணக்கு டீச்சர் அல்லவா, சாப்பிடுவதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். மூணு மைல் நடக்கிறவளுக்கு இரண்டு உருண்டை நியாயம்தான். மூன்றாவது உருண்டை விழுந்தால் நாளைக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தால் போயிற்று. அக்காவும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். எருமை உதைத்தது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, மகன் கடுதாசி போடாதது எல்லாம் பேசுவோம். பள்ளிக்கு ஓடிப் போக வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எடை இரண்டு பவுண்டு கூடியிருந்தது.

தோட்டத்து வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னதும் டாக்டருக்குக் கோபம். "நடந்து கரைத்ததை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தால் எதற்கம்மா நடக்கிறீர்கள்? நடக்கிறவர்கள் எல்லோரும் நடந்ததைக் கூட்டிச் சொல்வார்கள், தின்றதைக் குறைத்துச் சொல்வார்கள். ஈஸ்டருக்குள் இறங்காவிட்டால் என்னிடம் வராதீர்கள்."

அக்காவிடம் எப்படிச் சொல்வது? இளைக்க வேண்டும் என்று ஒருத்தி வேண்டுமென்றே சோற்றைத் தள்ளுவது அந்த ஊர்ப்பக்கம் யாருக்கும் விளங்காது. இளைப்பது நோயாளிகளும் சோற்றுக்கு இல்லாதவர்களும்தான். நல்லவேளையாக ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியிருந்தது. "எங்கள் சாமிக்கு நாற்பது நாள் விரதம் அக்கா, காலையில் எதுவும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். காலம் உண்மை, விரதம் பொய்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யோ, தெரியாமக் கூப்பிட்டுட்டனுங்களே!"

மறுநாளிலிருந்து நான் போகும் நேரத்தில் அந்தக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு ஒன்றும் தராமல் அனுப்புவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. விரதக்காரியின் மூக்குக்கு அடுப்பு வாசனை எட்டுவதும் அவருக்குப் பாவமாகப் பட்டிருக்கும். எனக்கோ சோறு போனதோடு பேச்சும் போயிற்று. மூணு மைல் நடந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். சாத்திய கதவைப் பார்த்து ஒரு நாள் அழுதேன். எடை மட்டும் மளமளவென்று இறங்கியது.

ஈஸ்டருக்குச் சேலம் போனபோது பதினோரு பவுண்டு குறைந்திருந்தது. டாக்டர் கைகுலுக்கினார். வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படி ஒருவரும் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை நேராகத் தோட்டத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த அக்காவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, ரவிக்கை தொளதொளத்தது.

"என்னக்கா, உடம்புக்கு முடியவில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க வெறும் வயித்தோட இந்த வழியே போறப்ப நான் மட்டும் உக்காந்து உண்ண முடியுங்களா? நானும் காலையில அடுப்புப் பத்தவெக்கல." கொஞ்சம் கூச்சத்தோடு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களுக்குத் தொணைக்கு ஒரு ஆளு வரோணும்னுதான வேண்டிக்கிட்டிருப்பீங்க? ரெண்டு பேரு விரதமிருந்தா சாமி சீக்கிரம் கேக்குமுன்னு நெனச்சனுங்க. கேட்டுச்சுங்களா?"

டாக்டரின் தராசுக்காகத்தான் பட்டினி கிடந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

"கேட்டுச்சக்கா. அடுப்பைப் பற்றவையுங்கள்" என்றேன்.

அன்று நான்கு உருண்டை சாப்பிட்டேன். ஆடி மாதத்துக்குள் பதினோரு பவுண்டும் திரும்பி வந்துவிட்டது, அதற்குப் பிறகு நான் அந்த டாக்டரிடம் போகவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. இங்கேயும் தினம் மூணு மைல் நடக்கிறேன். வழியில் யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர் கேட்ட எடையில்தான் இப்போது இருக்கிறேன்.