மூன்றாம் சரணத்துக்குப் பிறகு

எனக்கு டிரம்ஸ் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் மறைத்துவிட்டதாகக் குறை சொல்லக்கூடாது. கடலூர் முதுநகரில், எங்கள் சபையில் முப்பத்தோரு வருஷமாக ஆர்கன் வாசிக்கிறேன். காலால் மிதித்தால்தான் காற்று ஏறிச் சத்தம் வரும் பழைய ஆர்கன். பாமாலையும் கீர்த்தனையும் அதில் வாசிப்பேன். அதற்கு மேல் எது வந்தாலும் என்னைப் பொறுத்தவரை அது கச்சேரிதான்.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். அவன் போகிற சபையில் கீபோர்டு, கிதார், டிரம்ஸ் எல்லாம் உண்டு. ஒரு ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். டிரம்ஸைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். கூண்டில் அடைக்க வேண்டிய ஜந்து என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். திரையில் ஒரே ஒரு வரி. அதையே பதினோரு தடவை பாடினார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன்.

"ஒரு தடவ சொன்னா கர்த்தருக்குக் காது கேக்காதா மச்சான்?" என்றேன்.

"நீங்க ஒரு அல்லேலூயாவ அரை மணி நேரம் இழுக்கறீங்களே மாமா, அது மட்டும் எதுக்காம்?" என்றான். அவனுக்கு வாய் ஜாஸ்தி.

எங்கள் சபைக்கென்று ஒரு பெருமை இருக்கிறது. பிரசங்கத்துக்கு முன் பாடும் பாட்டில் மூன்றாம் சரணம் முடிந்ததும் ஆர்கன் நின்றுவிடும். யாரும் பாடமாட்டார்கள். எல்லோரும் தலை குனிந்து அவரவர் மனதுக்குள் ஜெபிப்பார்கள். இருபது எண்ணும் நேரம். பிறகுதான் நாலாம் சரணம். இயேசு மூன்று நாள் கல்லறையில் இருந்ததை இது குறிக்கிறது என்று ஞாயிறு பள்ளி டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கப்பலில் வந்த மிஷனரிகள் கொண்டுவந்த வழக்கம் என்று சபையின் பெரியவர் ஒருவர் ஆண்டு மலரில் கட்டுரையே எழுதிவிட்டார்.

மிஷனரியும் இல்லை, கப்பலும் இல்லை. நான்தான்.

நான் முதன்முதலாக ஆராதனைக்கு வாசித்த ஞாயிறு அது. கரண்ட் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் சரணம் முடிகிற நேரத்தில் கரண்ட் வந்தது. தலைக்கு மேலிருந்த ஃபேன் சுற்றிய வேகத்தில் ராகப் புத்தகம் படபடவென்று புரண்டு எங்கோ போய் நின்றது. எனக்கோ அந்த ராகம் மனப்பாடம் இல்லை. அவசர அவசரமாகப் பக்கத்தைத் தேடினேன். காத்திருந்த சபையார் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். பக்கம் கிடைத்து நான் நாலாம் சரணத்தை ஆரம்பித்தபோது முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதிருந்த ஐயர் (போதகரை எங்களில் ஐயர் என்போம்) தன் பிரசங்கத்தில் அந்த அமைதியைப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். அடுத்த ஞாயிறு நான் நிறுத்தாமல் வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் வந்து, "ஏன் தம்பி நிறுத்தல?" என்று கோபித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாததால் மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். அதுவே நிலைத்துவிட்டது.

இது தெரிந்த இன்னொரு ஆள் மச்சான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் அவன் எங்கள் பாடகர் குழுவில் இருந்தான். நான் பக்கம் தேடித் தவித்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல், பாமாலைப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்றவன்.

இந்த வருஷம் எங்களுக்கு ஒரு புது ஐயர் வந்தார். சின்ன வயசு. காலை ஆராதனைக்கு டிரம்ஸும் கீபோர்டும் வேண்டும், ஆர்கனை எடுத்துப் பின்னறையில் வைத்துவிடலாம் என்றார். கமிட்டி கூடியது. என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த அமைதி.

"டிரம்ஸ் வந்தா இந்த அமைதி போயிடும்," என்றேன். "இது நம்ம முன்னோருங்க வெச்சிட்டுப் போனது."

சொல்லும்போது என் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. கமிட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போது ஐயர், "டிரம்ஸ் வெச்சு எப்படி நடத்தறாங்கன்னு கேட்டுக்கலாமேன்னு சிதம்பரத்துலேந்து ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன்," என்றார். கதவைத் திறந்துகொண்டு மச்சான் உள்ளே வந்தான்.

அவன் ஃபேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆர்கன் பின்னறைக்குப் போகும். முப்பத்தோரு வருஷமாகச் சபையை ஏமாற்றியவன் என்ற பெயரோடு நான் வீட்டுக்குப் போவேன்.

"டிரம்ஸ் வந்தப்புறம் எங்க சபையில பசங்க நெறைய வர்றாங்க. அது உண்மை," என்று ஆரம்பித்தான். ஐயர் முகம் மலர்ந்தது. "ஆனா இந்த அமைதியப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும்." என்னைப் பார்த்தான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அக்கா ரெண்டு வருஷம் முன்னால கண்ண மூடற வரைக்கும் இந்த அமைதியில ஒரே ஒரு ஜெபந்தான் பண்ணாங்க. 'ஆண்டவரே, இந்த மனுஷன் கோவத்தக் கொஞ்சம் கொறைச்சு வையும்'னு. அவுங்களே சொல்லியிருக்காங்க. இத்தன வருஷம் கேட்டும் பலிக்கல. இப்ப இதையும் எடுத்துட்டீங்கன்னா மாமாவுக்கு வேற வழியே இல்ல."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. ஐயரும் சிரித்துவிட்டார். டிரம்ஸ் மாலை ஆராதனைக்கு என்றும், காலையில் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்றும் முடிவானது.

அவனைப் பஸ் ஏற்றிவிட நானே போனேன்.

"ஃபேன் கதைய ஏன் சொல்லல?" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு மத்தியானமே சொல்லிட்டேன். சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சாங்க பாருங்க, பொறையேறிடுச்சு. அப்புறம், 'அவருகிட்ட சொல்லிடாத, கோவப்படுவாரு'ன்னாங்க."

சிதம்பரம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் தலை குனிந்து எனக்காகக் கேட்டிருக்கிறாள். அந்த அமைதியில் சபையே ஜெபித்தது. ஜெபிக்காதவன் நான் ஒருவன்தான். நான் இருபது வரை எண்ணிக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் இல்லாதது அன்றைக்குத்தான் முதல்முறையாக வலித்தது போல வலித்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் சரணம் முடிந்ததும் கையை எடுத்தேன். எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் கேட்டதையே நானும் கேட்டேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ஐயர் இரண்டு தடவை இருமிய பிறகுதான் நாலாம் சரணம் நினைவுக்கு வந்தது.

வாசலில் அந்தக் கட்டுரை எழுதிய பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, இன்னிக்கு இவ்ளோ நேரம் நிறுத்திட்டீங்க? மிஷனரிங்க வெச்ச அளவு ஒண்ணு இருக்குதுல்ல? நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா?"

கோபம் மூக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"சரிங்க," என்றேன்.