தில்லை மரத்தடியில் ஒரு கண் பரிசோதனை

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர் இருக்கும் வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்களா? இல்லையா? கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். கடலூர் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நாளிலிருந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசிக்கிறார். காலண்டரில் ராகுகாலம், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், எதிர்வீட்டு ஆட்டோவின் நம்பர்... எல்லாமே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு! பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்வைதான் அவருக்குச் சோறு போட்டது. அதனால் இந்தக் கூத்தை நான் கண்டுகொள்ளவில்லை. இடது கண்ணுக்கு அடுத்த திங்கட்கிழமை என்று டாக்டர் தேதியும் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு காலை, "சும்மா ஒரு வாக்கிங் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டேன். எனக்கு வேண்டாத வேலை!

சிதம்பரத்திலிருந்து கிள்ளைப் பக்கம் ஸ்கூட்டரில் போனோம். நான் ஓட்ட, அவர் பின்னாலிருந்து என்னைத் திட்ட. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உப்பங்கழிக் கரையில் நடந்தோம். ஒரு பக்கம் சேறும் தண்ணீருமாகச் சதுப்பு, இன்னொரு பக்கம் காடு. முன்பு பார்த்திருப்பதால் சொல்கிறேன். அன்றைக்கு எங்கே தெரிந்தது? அப்படியொரு மார்கழிப் பனி. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை.

இவர் நின்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணைப் பொத்தினார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"இன்னா இது... ஒண்ணுமே தெரியல?"

"பனிங்க. எனக்கும்தான் தெரியல."

"சும்மா ஆறுதல் சொல்லாத. நேத்து ராத்திரியே மங்கலாத்தான் இருந்துது."

"நேத்து கரண்ட் போயிருந்துதுங்க!"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "திங்கக்கெழமை வாணாம். அந்தக் கண்ணாச்சும் அப்பிடியே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. நிஜமாகவே ஆபரேஷன் சொதப்பிவிட்டதோ? இந்தப் பனியில் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த நேரம் பார்த்துத் தூறல்! தை பிறக்கப்போகிறது, இப்போது மழைக்கு என்ன வேலை? கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குடையும் இல்லை. முந்தானையை அவர் தலையில் போட்டு மூடி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, முதலில் தென்பட்ட மரத்தடியில் நிறுத்தினேன். அப்பாடா!

இவர் முந்தானையை விலக்கி அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான், ஒரே கத்தல்.

"அறிவிருக்கா உனக்கு? எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்க?"

"மரத்தடியிலதாங்க..."

"தில்லை மரம் இது! கெளை ஒடிஞ்சு பால் கண்ணுல பட்டா, கண்ணே போயிடும். வா இந்தப் பக்கம்!"

இப்போது அவர் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். தில்லை என்று இந்த மரத்தின் பேரையே வைத்துக்கொண்ட ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆபரேஷன் ஆன மனுஷனைத் தேடிப்பிடித்து அதனடியிலேயே நிறுத்தியிருக்கிறேன்... சமர்த்து!

வெட்டவெளிக்கு வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டேன். "தில்லைன்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எப்பிடியா? பழுத்த எலைங்க செக்கச்செவேல்னு தெரிஞ்சுதே. ஒவ்வொண்ணுலயும் நரம்புகூட..."

நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இலைகள் ஏதோ பழுப்பாகத்தான் தெரிந்திருந்தன.

தூறல் வந்த மாதிரியே நின்றது. காற்று ஒரு தடவை அடித்தது. பனி கலைந்து, வெயில் சதுப்பின் மேல் விழுந்தது. ஐயோ, என்னவென்று சொல்வேன்! எங்களுக்கு முன்னால் அத்தனை நேரமும் அத்தனை பறவைகள் இருந்திருக்கின்றன. கொக்கும் நாரையும் நீர்க்காகமும், சேறு தெரியாமல் உட்கார்ந்திருந்த உள்ளான்களும். எதற்கோ மிரண்டு உள்ளான்கள் மொத்தமாக எழும்பின. வானத்தில் ஒரு திருப்பு திரும்பினால் கறுப்பு, இன்னொரு திருப்பில் வெள்ளை. சோளப்பொரி வாரி இறைத்தது போல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இப்படி ஒரு இடம், இதைப் பார்க்காமல் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே!

இவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றார். வாசிக்கவில்லை. எண்ணவில்லை. வலது கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"தெரியும் போ," என்றார். கொஞ்சம் கழித்து, "திங்கக்கெழமை போலாம். அப்பிடியே உன் கண்ணையும் காட்டிட்டு வந்துடலாம். தில்லை மரம்கூடத் தெரியல உனக்கு."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் பறவைக் கூட்டம் எனக்கும் அப்போது மங்கலாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது!