நான் கூட்டிக்கொண்டு போன சட்டத்தரணி

எண்பதாம் ஆண்டு, பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு நடந்தது இது. கல்முனைக்குக் கிட்டிய ஓர் ஊரில் இருந்தோம். என் கணவர் சவூதிக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உம்மா மௌத்தாகி நாளாகிவிட்டது. வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். அதனால் தம்பியின் காரியங்களும் என் தலையில்தான்.

தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல், மாவடிப்பள்ளிப் பக்கம் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரிடம் காவல் வேலைக்குப் போனான். வெட்டு முடிந்த இரண்டாம் நாள், வயல் வாடிக் குடிசையில் கிடந்த வாட்டர் பம்ப் காணாமல் போய்விட்டது. காவல்காரன் இவன். வேறு யாரைப் பிடிப்பார்கள்? காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. சேட்டுப் போடக்கூட விடவில்லை. சாரத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பொலிசுக்குப் போனேன். அதற்கு முன் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. உள்ளே போய்த் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றேன். வாக்குமூலம் எழுதி முடியவில்லை, வெளியே நில் என்றார்கள். நின்றோம். மத்தியான லுஹர் பாங்கு சொன்னது, அப்போதும் நின்றோம். கண் தெரியாத மனிசனை உட்காரச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் தமிழ் நன்றாகக் கதைக்கும் ஒரு கான்ஸ்டபிள் எங்களிடம் வந்தார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"தங்கச்சி, இப்பிடி நிண்டு ஒண்டும் நடக்காது. ஒரு லோயரப் புடிங்க. ஆனா கண்ட லோயரெல்லாம் உள்ள விடமாட்டாங்க. நான் செல்றவரெண்டா பெரியையா ஒண்டும் செல்லமாட்டார்" என்றார். ஒரு துண்டுக் கடதாசியில் பெயரும் இடமும் எழுதித் தந்தார்.

அந்த மனிசனுக்காக நான் அந்த இடத்திலேயே துஆ கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

வாப்பாவை ஒரு கடை வாங்கில் இருத்திவிட்டு, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சட்டத்தரணியின் கந்தோருக்கு ஓடினேன். துண்டைப் பார்த்ததும் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டார். தம்பி என்ன செய்தான், பம்ப் எப்போது காணாமல் போனது, அவன் அப்போது எங்கே இருந்தான், ஒரு கேள்வி கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. பெரிய ஆள், கேட்காமலே எல்லாம் விளங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொலிசில் அவருக்குக் கதிரை போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. சிரிப்புச் சத்தமும் கேட்டது. பிறகு தம்பியைப் பொறுப்பதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டு, அதிகாரி முன்னாலேயே அவனோடு கதைத்திருக்கிறார். இதைத் தம்பி பிறகுதான் எனக்குச் சொன்னான். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, அடிபட்டவன் தனக்கு அடித்தார்கள் என்று தன் சட்டத்தரணியிடம் எப்படிச் சொல்வான்?

கொஞ்ச நேரத்தில் சட்டத்தரணி வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட தம்பி வம்பு புடிக்கிறான். ஒப்புக்கொண்டானெண்டா நாளைக்குக் கோட்டில ஒரு சின்னத் தண்டனை, அதையும் ஒத்திவெச்சி வீட்டுக்கு விட்டிருவாங்க. இல்லாட்டி ரிமாண்ட். மாசக் கணக்கா உள்ள கிடப்பான். நீங்க செல்லுங்க, உங்கட செல்லக் கேப்பான்."

என்னைக் கூண்டுக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டார்கள். தம்பியின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான் எடுக்கல்ல ராத்தா. அல்லாஹ்மேல சத்தியமா எடுக்கல்ல."

"எனக்குத் தெரியும்டா. எண்டாலும் ஓமெண்டு செல்லு. லோயர் செல்றார் நாளைக்கே விட்டிருவாங்களாம். வாப்பாட நிலமயப் பாரு" என்றேன்.

 தம்பி தலையை ஆட்டினான். சிங்களத்தில் எழுதியிருந்த வாக்குமூலத்தைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதியிருப்பது என்னவென்று சட்டத்தரணியாவது வாசித்துக் காட்டினாரா? விரலால் இடத்தைக் காட்டினார். தம்பி கையெழுத்து வைத்தான்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் எல்லாம் ஐந்து நிமிடம். குற்றவாளி என்றான். தண்டனையை ஒத்திவைத்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்தான். நானும் பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி மீன் ஆணம் காய்ச்சிப் போட்டேன். அவன் சாப்பிடவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு போடியாரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய மச்சினன் அவரிடம் கேட்காமல் பம்பைத் தன் வயலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தானாம். இப்போதுதான் கண்ணில் பட்டதாம். "பொலிசுக்கும் செல்லிட்டன் மகள். மனசில வெச்சிக்காதீங்க" என்றார். தம்பி உள்ளே இருந்து எழும்பி வரவேயில்லை.

அந்த மாதமே நேர்முகப் பரீட்சைக் கடிதமும் வந்தது. கூடவே ஒரு படிவம். நீதிமன்றத்தில் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீரா என்று ஒரு கேள்வி இருந்தது. தம்பி பேனையைப் பிடித்தபடி அந்த இடத்தில் நின்றுவிட்டான்.

"இல்லண்டு எழுதுடா. நீ களவெடுக்கல்லத்தானே" என்றேன்.

"நீங்க செல்லித்தான் ராத்தா செய்தனெண்டு ஒப்புக்கொண்டன். இப்ப இல்லண்டு எழுதவும் நீங்களே செல்றீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திராது. 'ஆம்' என்று எழுதினான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

நான் நேரே அந்தச் சட்டத்தரணியிடம் போனேன். பம்ப் கிடைத்துவிட்டது, என் தம்பியின் பெயரில் உள்ள குற்றத்தை நீக்கித் தாருங்கள் என்றேன். அவர் கடதாசியிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அவனே ஒப்புக்கொண்ட வழக்கு. நான் என்ன செய்யிற? நீங்கதானே அவனுக்குச் சொன்னீங்க."

 "நீங்க ஆருக்கு லோயர்? என்ட தம்பிக்கா, பொலிசுக்கா?" என்று கத்தினேன். முந்தானை தலையிலிருந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. லிகிதர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

வெளி விறாந்தையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பிள்ளை. கையில் ஒரு துண்டுக் கடதாசி. எட்டிப் பார்த்தேன். அதே கான்ஸ்டபிளின் எழுத்து. கேட்டேன், அவளுடைய புருசனை மாட்டுக் களவென்று அன்று காலையில்தான் பிடித்திருந்தார்களாம்.

அவளுக்கு நான் யாரென்று தெரியாது. என்றாலும் கையைப் பிடித்து எழுப்பினேன். "இஞ்ச இருக்காத புள்ள. இவர் உன்ட புருசனக் களவெடுத்தனெண்டு செல்ல வெப்பார். எழும்பு" என்றேன். அவள் மிரண்டு போனாள். வழியெல்லாம் என் கதையைச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

விசாரித்து விசாரித்து, காரைதீவைச் சேர்ந்த ஓர் இளம் சட்டத்தரணியைக் கண்டுபிடித்தோம். எங்களை உட்காரச் சொன்னார். பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு, "என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்றார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் எனக்கு விம்மல் வந்துவிட்டது. என் தம்பிக்காக யாருமே கேட்காத கேள்வி.

அவரோடு நாங்களும் பொலிசுக்குப் போனோம். அவருக்கு ஒருவரும் கதிரை போடவில்லை. வாக்குமூலம் முடியும் வரை விடமாட்டோம் என்றார்கள். அவர் கோபப்படவில்லை. மேசையிலேயே கடதாசியை வைத்து, இத்தனை மணிக்கு வந்தேன், பார்க்க விடவில்லை என்று எழுதிக் கொடுத்தார். இன்னொரு பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் போலவே வாசலில் நின்றார். அஸர் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூண்டுப் பக்கம் போகவிட்டார்கள். "தனிய கதைக்கோணும், தள்ளி நில்லுங்கோ" என்று அவர் காவலிடம் சொன்னது வெளியே எங்களுக்கும் கேட்டது. அவளுடைய புருசன் ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லை. மறுநாள் நீதவானிடம் சட்டத்தரணி எல்லாவற்றையும் சொன்னார். பிணை கிடைத்தது. சாட்சி ஒன்றும் இல்லாமல் பிறகு வழக்கே தள்ளுபடியாகிப் போனது.

கான்ஸ்டபிளைப் பற்றியும் நான் பெரிய இடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை. தம்பியின் வழக்கை மேல்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அந்த இளம் சட்டத்தரணி சொன்னார். தம்பிதான் மறுத்துவிட்டான். திரும்பவும் ஒரு கூண்டில் ஏற அவனுக்குத் தைரியம் இல்லை. உழவு மெசின் ஓட்டப் பழகினான். கலியாணம் கட்டினான், பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னோடு நல்ல மாதிரித்தான் இருக்கிறான். அவனுடைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை ஒருநாள் பார்த்தேன். அவ்வளவு பொறுமை, அவ்வளவு தெளிவு. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

அடைபட்டுக் கிடக்கும் ஒருவனுக்கு யோசனை சொல்ல வருகிறவர் யாருடைய ஆள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை என் தம்பியின் வாழ்க்கையைக் கொடுத்துத்தான் படித்தேன். அதனால்தான் அந்த நாளை நினைக்கும்போது இப்போதும் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.