மகனுக்குத் தெரிந்த ஒரே எண்

1. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் மகன், சாரதி வேலை என்று நம்பி வெளிநாடு போனான்.
2. அங்கே அவனைப் பட்டாளத்தில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.
3. லயத்து வீட்டில் சிக்னல் இல்லாததால், மலையில் கொய்யா மரத்தில் அவர் தொங்கவிட்டிருந்த போன் மழையில் நனைந்து செத்தது.

ஹட்டனில் நான் போன் திருத்தும் கடைக்கு அதைக் கொண்டுவந்தார். மகனுக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். ஒல்லியான உடம்பு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். செத்த போனையே அடிக்கடி காதில் வைத்துப் பார்த்தார்.

அரசாங்கம்தான் மகனை மீட்டுத் தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனுக்குக் காசு ரீலோட் போட வந்த ஒருவர் கேட்டார்: "சம்பளத்துக்குப் போனவன்தானேம்மா? அரசாங்கம் என்னத்துக்குத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்?"

"அந்தக் காலத்துல எங்க சனத்தைக் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்ப மட்டும் ரெண்டு அரசாங்கமும் ஒக்காந்து பேசுனாங்களே தம்பி. நாங்களும் அங்கேருந்து தோட்டத்துக்குச் சம்பளத்துக்கு வந்தவங்கதான்."

"அது வேற கதைம்மா."

"ஒங்களுக்கு வேறதான்."

போனைத் திருத்த முடியவில்லை. சிம்மைக் கடையிலிருந்த பழைய போனில் போட்டுக் கொடுத்தேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க மறுநாள் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்து, "சாமி, எங்கப்பா இருக்க?" என்றார்.

அதன் பிறகு நான் அழைத்ததில்லை. அப்படிப் போனவர்களைத் திருப்பிக் கூட்டிவரப் பேச்சுவார்த்தை நடப்பதாகச் செய்தியில் சொல்கிறார்கள். மகன் இன்னும் அழைக்கவில்லையாம்.