எண்ணெய் தேய்த்துப் போன வெந்நீர் ஊர்

ஸ்பெயினில் வேலை பார்க்கும் எங்கள் மகள், மலையடிவாரத்தில் ஒரு சின்ன வெந்நீர் ஊற்று ஊருக்கு எங்களைக் கூட்டிப்போனாள். மலை, ஓடை, கல்பாலம் என்று நம் ராஜபாளையத்து அய்யனார் அருவிப் பக்கம் மாதிரியேதான் இருந்தது. தண்ணீர் மட்டும் ஆவி பறக்க வந்தது. ரோமாபுரிச் சிப்பாய்கள் புண் ஆற்றிக்கொண்ட தண்ணீராம். பிறகு துறவிகள் மடம் கட்டினார்கள். அப்புறம் பணக்காரர்கள் குளியல் மாளிகை கட்டினார்கள். இன்றைக்கு மாதா கோயில் கோபுரத்தில் நாரைக் கூடு, அதன் கீழே வெந்நீர்க் குழாய், சுற்றி நாலு காபிக்கடை. ஊரே அவ்வளவுதான்.

நாங்கள் போனது என் மனைவியின் முழங்காலுக்காக. ராஜபாளையத்தில் ஞாயிறு பூசையில் எல்லாரும் முழங்காலிடும்போது இவள் மட்டும் பெஞ்சில் இருப்பாள். “ஆண்டவர் முன்னால மகாராணி மாதிரி உக்காந்திருக்கேங்க” என்பாள். ஒரு தடவையாவது முழங்காலிட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

வெந்நீர்க் குளியல் என்றால் எங்களுக்கு எண்ணெய் இல்லாமல் கிடையாது. மம்சாபுரத்துச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தலை முதல் கால் வரை தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள். குளியல் மாளிகை வாசலில் சீட்டுக் கொடுக்கும் அம்மா, அவள் கையைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, கூடாது என்று தலையாட்டினார்.

“எம்மா, எல்லாரும் எறங்குற தொட்டியாம். எண்ணெ ஆகாதாம். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லுதாங்க” என்றாள் மகள்.

“கழுவவா? இதுக்கா அம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்தேன்?”

“ஏட்டி, கழுவிட்டுத்தான் போயேன்” என்றேன் நான்.

“நீங்க சும்மா இருங்க. ஒங்க வழுக்கைன்னா தொடச்சிட்டுப் போயிரலாம்.”

இதை மகள் மொழிபெயர்த்திருக்க வேண்டும். வாசல் அம்மா சிரித்துவிட்டு, கீழே ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் காலத்துத் துணி துவைக்கும் துறை. மிச்ச வெந்நீர் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு ஓடுகிறது. முட்டுவலிக்காரர்கள் இன்னமும் அங்கேதான் உட்காருவார்களாம்.

நாங்கள் இறங்கிப் போனபோது, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, கல் வாய்க்காலில் கால் போட்டபடி சில பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி மூக்கைக் காட்டி என்னவென்று கேட்டாள்.

“நல்லெண்ணெ. முட்டுக்கு” என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள் இவள். கேட்டவள் தன் காலை நீட்டிவிட்டாள். இவள் பையிலிருந்த எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாள். செத்த நேரத்தில் அத்தனை முழங்கால்களும் பளபளத்தன. “ஏட்டி, நல்லா அழுத்தித் தேயி!” என்று இவள் அதட்ட, அவர்களும் புரிந்த மாதிரியே அழுத்தித் தேய்த்தார்கள்.

சாயங்காலம் அந்தக் கோயிலில் பூசை. முழங்காலிடும் நேரம் வந்தது. இவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன் பெஞ்சைப் பிடித்து இறங்கினாள். ஒரு கால், பிறகு மறுகால். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வாய்க்கால்கரைப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். சாம்பிராணியை மிஞ்சி நல்லெண்ணெய் மணத்தது.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலிக்கத்தான் செய்யுது. அதுக்கென்ன? முட்டி போட்டேன்ல!”