தண்ணீர்ப் பத்தி எழுதிப் பட்ட பாடு

தண்ணீரைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது என் தொழில். குடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் இந்தத் தொழிலைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. எழுதியது அச்சில் வந்த மறுநாள் தொலைபேசி அடித்தால் நெஞ்சு திக்கென்று ஆகிறவர்களே, நீங்கள் என் இனம்.

மீனுக்கு மூச்சு முட்டியது

தெல்தெனியப் பக்கம் ஓர் ஓடையில் வயல் உரம் கலந்து, பாசி படர்ந்து, மீன்கள் செத்து மிதந்தன. 'நீரில் கரைந்த ஒட்சிசன் குறைந்தமையால்' என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். “பிள்ளை, இதை ஆர் வாசிக்கப்போகினம்? மீனுக்கு மூச்சு முட்டுது எண்டு எழுதுங்கோ” என்றார். எழுதினேன். அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாகவும் போட்டுவிட்டார்.

மறுநாள் கண்டி மார்க்கெட்டில் மீன் விற்கும் ரஹீம் நானா என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். “தங்கச்சி, வாறவங்க எல்லாம் மீனுக்கு வீசிங் ஈக்கான்னு கேக்குறாங்க. என்ட மீன் கடல் மீன்னு இன்னொரு கட்டுரை எழுதுங்க!”

பாசியின் அழகு

சுத்தமான ஓடைகளில் வாழும் ஒருவகைப் பாசியை நுணுக்குக்காட்டியில் படமெடுத்து, பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் முகப்பில் போட்டோம். சக்கரமும் நட்சத்திரமுமாகப் பார்க்கவே கொள்ளை அழகு. ஒரு புடவைக் கடையில் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். விஞ்ஞானம் கடைவீதிக்கே வந்துவிட்டதென்று பூரித்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா படத்தைத் தட்டிக் காட்டி என்னிடம் கேட்டார்: “மிஸ், இந்த டிசைன்ல சாரி எப்ப வரும்?”

விளங்கினால் ஆபத்து

குடிநீர்க் கொள்கை வரைவு ஒன்றைப் பொதுமக்களுக்காக ஒரு பக்கத்தில் சுருக்கித் தரச் சொன்னார் ஓர் அதிகாரி. தந்தேன். வாசித்தார், முகம் மலர்ந்தது. மறுபடி வாசித்தார், வாடியது. “நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா இவ்வளவு விளங்கினா, எல்லாரும் கேள்வி கேப்பாங்களே?”

குழி எங்கே?

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். போய்ப் பார்த்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்கள் தண்ணீர் பிடிக்கும், மலையூற்று வழியும் பீலிக்கு நேர் மேலே புதிய மலசலகூடக் குழிகள். மண்ணுக்குள் கழிவுநீர் எப்படி இறங்கும் என்பதை விளக்கி, படத்தோடு முழுப்பக்கம் எழுதினேன். கொழுந்து பறிக்கும் முத்துலெட்சுமி அக்காவின் பேரப்பிள்ளை அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பெண்களைத் திரட்டி, தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனார். சில நாட்களில் மேலிருந்த குழிகளை மூடிவிட்டுப் பள்ளத்தில் புதிதாக வெட்டினார்கள்.

பிறகு போனபோது பிள்ளை தேறி, பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தது. என் கட்டுரையில் எந்தப் பகுதி துரையை மாற்றியது என்று அக்காவிடம் ஆவலாகக் கேட்டேன். “அது ரொம்ப நீளமுங்க, தொரை வாசிக்கல. அப்ப அந்தக் குழிய ஒங்க பங்களாவுக்கு மேல வெட்டுங்கன்னோம்.”

எளிமையாக எழுதுவது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால், எழுதி அனுப்பிவிட்டு, வாசித்தவர்கள் அதைச் சுருக்கிச் சொல்லும்வரை பொறுத்திருங்கள் என்கிறேன்.